நெடுங்கொம்பு வண்டுகளின் நாடு

மாந்தோப்பு வைத்திருப்போர் நன்கு அறிந்த பகை ஒன்று உண்டு. செழித்து நின்ற மரத்தின் ஒரு கிளை மழைக் குறைவின்றியே வாடும். அடிமரத்தில் துளை ஒன்று தென்படும். அதன் வாயிலிருந்து மரத்தூளும் சக்கையும் உதிர்ந்து கிடக்கும். உளி கொண்டு பட்டையைப் பிளந்து பார்த்தால், விரலினும் பருத்த வெண்ணிறப் புழு ஒன்று மரத்தைக் குடைந்துகொண்டிருக்கும். அப்புழு வளர்ந்து வெளியே வரும்போது சாம்பல் நிறமுள்ள, இரண்டு அங்குல நீளமான வண்டாக வரும். அதன் தலையில் இரண்டு உணர்கொம்புகள் பின்னோக்கி வளைந்து நிற்கும். கையில் பிடித்தால் மார்பை உரசிக் கிரீச்சென்று ஒலி எழுப்பும். விவசாயத் துறையினர் இதை மாமரத் தண்டுத்துளைப்பான் என்பர். பூச்சியியலார் இதை நெடுங்கொம்பு வண்டுகள் என்னும் பெருங்குடும்பத்தில் சேர்ப்பர்.

இவ்வண்டை நாம் அறிவோம். ஏனெனில் இது நமக்குத் தீங்கு செய்கிறது. இதன் உறவினர்களுள் மிகப் பெரும்பாலானவற்றை நாம் அறியோம். ஏனெனில் அவை நமக்கு யாதொன்றும் செய்வதில்லை. ஒரு மலையின் ஒரு சரிவில், ஒரு வகை மரத்தின் பட்டைக்கு அடியில், அவை ஆரவாரமின்றி வாழ்ந்து மறைகின்றன. நேயர்களிடம் இன்று நான் பேச விரும்புவது, ஊரறிந்த முதல் வகையைக் காட்டிலும், ஊரை விட்டு அகலாத இந்த இரண்டாம் வகையைப் பற்றியே ஆகும்.

முதலில் குடும்பத்தின் அளவைச் சிறிது காண்போம். உலகில் இதுவரை பெயரிடப்பட்டுள்ள வண்டினங்கள் ஏறத்தாழ 4 லட்சம். அவற்றுள் 35,000க்கும் மேற்பட்டவை நெடுங்கொம்பு வண்டுகள். அமேசான் காடுகளில் வாழும் டைட்டானஸ் என்னும் இனம் 16 சென்டிமீட்டருக்கும் மேலாக வளரும். மற்றொரு கோடியில் ஓர் அரிசிமணியினும் சிறிய இனங்களும் உள்ளன. பிரிட்டனில் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை 60, 70 இனங்களே. மெக்சிகோவுக்கு வடக்கிலுள்ள வட அமெரிக்கா முழுவதிலும் சுமார் 1,000 இனங்கள். நம் இந்தியாவிலோ 1,500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன என்று 2017ஆம் ஆண்டில் வெளியான பட்டியல் ஒன்று எண்ணிக் காட்டுகிறது.

இத்தனை இனங்களும் நாடெங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கின்றனவா என்றால், இல்லை. சில, காஷ்மீரம் முதல் குமரி வரையில் காணப்படும். கடல் கடந்தும் செல்லும். பல, ஒரு மலைத்தொடரையோ ஒரு தீவையோ விட்டு அப்பால் செல்வதில்லை. இந்த வேற்றுமைக்குக் காரணம் என்ன? அதை அறிய வேண்டுமானால் இவ்வண்டு வாழும் முறையை அறிதல் வேண்டும்.

நாம் கண்ணால் காணும் வண்டு அதன் வாழ்வின் கடைசி அத்தியாயமேயாகும். வண்டாக அது வாழ்வது சில வாரங்கள். வாழ்நாளின் மிகப் பெரும்பகுதி புழுப் பருவத்தில், மரத்தினுள்ளே, இருளில் கழிகிறது. தாய் வண்டு பட்டையின் வெடிப்பிலோ, தானே கடித்து உண்டாக்கிய கீறலிலோ முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழுவுக்குக் கால்கள் இல்லை, இருந்தாலும் பெயரளவுக்கே. வலிய தாடைகள் மட்டும் உண்டு. அது மரத்தைத் தின்றுகொண்டே வழி உண்டாக்கி, அவ்வழியிலேயே வளர்ந்து, அங்கேயே ஓர் அறை குடைந்து கூட்டுப்புழுவாகிறது. மரம் சத்துக் குறைந்த உணவு. ஆகவே வளர்ச்சியும் மெதுவாகவே நடைபெறும். காப்பிச் செடியைத் துளைக்கும் இனத்துக்கு ஓராண்டுக்குள் வளர்ச்சி முற்றிவிடும். இமாசலப் பிரதேசத்தில் ஆப்பிள் மரத்தின் வேரைத் தின்னும் இனத்துக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். உலர்ந்த மரச்சாமானில் வாழும் சில இனங்கள் இன்னும் பல ஆண்டுகள் உள்ளேயே இருந்து, வீட்டார் அந்தச் சாமானின் வயதையே மறந்த பிறகு, வெளியே வருவதும் உண்டு.

தொல்காப்பிய மரபியல், புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையதை மரம் என்றும் பிரித்துக் கூறுகிறது. மரத்தின் அகம் புறம் என்னும் இப்பாகுபாட்டை நெடுங்கொம்பு வண்டுகளும் தம் வழியில் அறிந்திருக்கின்றன. ஓர் இனம் பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் நின்றுவிடும்; ஓர் இனம் வெளிப்புறத்து இளமரத்தைத் தின்னும்; ஓர் இனம் வைரம் வரையில் ஊடுருவும்; ஓர் இனம் வேரில் வாழும்; ஓர் இனத்துக்கு மெல்லிய கொம்பே போதும். உயிருள்ள மரத்தை நாடுவன சில. நோயுற்றதை நாடுவன சில. நேற்று விழுந்ததை நாடுவன சில. மக்கிய மரத்தை மட்டுமே நாடுவன சில. ஒரே மரத்தில், ஒரே காலத்தில், ஒன்றன் பாகத்தில் மற்றொன்று புகாமல் பல இனங்கள் குடியிருக்க முடியும்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். இவ்வண்டுக்கு நாடு என்பது மண் அன்று, மரம். எந்த மரத்தை அது உண்ணுமோ, அந்த மரம் வளரும் எல்லையே அதன் நாட்டின் எல்லை. உணவில் விடாப்பிடி இல்லாத வண்டுக்கு எல்லை விரிவு. ஒரே மரத்தை நம்பிய வண்டுக்கு எல்லை குறுக்கம்.

இரண்டு எடுத்துக்காட்டுக்களால் இதை விளக்கலாம். இந்தியாவில் ஸ்ட்ரோமேஷியம் பார்பேட்டம் என்றோர் இனம் உண்டு. உலர்ந்த மரம் எதுவாயினும் அதற்குச் சம்மதமே. முந்நூறுக்கும் மேற்பட்ட மரவகைகளில் அது வளர்ந்ததை டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பீசனும் பாட்டியாவும் 1939ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உத்தரத்திலும் பெட்டியிலும் நாற்காலிக் காலிலும் மறைந்திருந்து, மனிதனுடைய சரக்கோடு சரக்காகக் கப்பலேறி, அது இந்துமாக் கடலைக் கடந்து மொரீஷியஸ் வரையில் சென்றுவிட்டது. இது ஒரு கோடி. மற்றொரு கோடி பசிபிக் மாகடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகள். அங்கே பிளாகித்மைசஸ் என்னும் ஒரே பேரினத்தில் ஏறத்தாழ 140 இனங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றுகூட உலகில் வேறெங்கும் இல்லை. பெரும்பாலானவை ஒரே தீவில், ஒரே மரவகையை நம்பி வாழ்கின்றன. எப்போதோ வந்து சேர்ந்த ஒரு மூதாதையின் வழிவந்தவர்கள், தீவு தீவாகவும் மரம் மரமாகவும் பாகம் பிரித்துக்கொண்டு, தனித்தனிக் குடிகளாகிவிட்டார்கள் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

இவ்வாறு ஓரிடத்துக்கே உரிய உயிரினத்தை ஆங்கிலத்தில் எண்டெமிக் என்பர். மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்களுக்கு இச்சொல் அடிக்கடி எதிர்ப்படும். கிரேக்கத்தில் அதன் பொருள் ஒரு மக்களினுள்ளே இருப்பது என்பதாகும். மருத்துவக் குறிப்பில் வந்தால் ஓரிடத்தில் நிலைத்துவிட்ட நோயைக் குறிக்கும். உயிரியற் குறிப்பில் வந்தால் ஓரிடத்தில் மட்டுமே உள்ள உயிரைக் குறிக்கும். முன்னது ஒழிக்கத்தக்கது, பின்னது காக்கத்தக்கது. ஒரே சொல்லைக் கண்டு இரண்டுக்கும் ஒரே தமிழை எழுதிவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். இக்காலத்தில் அகணிய உயிரி என்னும் சொல் வழங்குகிறது. செவிக்குப் புதிதாகத் தோன்றினாலும் கருத்து நமக்குப் புதிதன்று. ஒவ்வொரு திணைக்கும் உரிய மரம், விலங்கு, பறவை இவை எனக் கருப்பொருளை வகுத்த மரபு நம்முடையது. மலைக்கு உரியதை மலையிலும் கடற்கரைக்கு உரியதைக் கடற்கரையிலும் வைத்துப் பார்க்கும் பார்வையையே இன்றைய உயிரியல், நிறுத்து அளந்து, வரைபடமாகத் தீட்டுகிறது.

இனி அந்த வரைபடத்தின்மீது நம் நாட்டைச் சுற்றிவருவோம்.

வடமேற்கில், காஷ்மீரத்தையும் பலூசிஸ்தானத்தையும் ஒட்டிய வறண்ட மலைகளில் ஒரு வண்டு உண்டு. குவெட்டாத் துளைப்பான் என்பது அதன் பழைய பெயர். நெட்டிலிங்கம் போல் உயர்ந்து நிற்கும் பாப்ளார் மரத்தையும், வில்லோ, எல்ம், அக்ரூட் மரங்களையும் அது அழிக்கும். மத்திய ஆசிய நகரங்களில் சாலையோர மரங்களில் பெருகியதால் அங்கே நகர வண்டு என்றே பெயர் பெற்றுவிட்டது. கிழக்கே வர வர இமயத்தின் மிதமான குளிர்க் காடுகள் தொடங்குகின்றன. ஓக்கும் தேவதாருவும் நிற்கும் அக்காடுகளில், பகலில் மலர்களின்மீது அமர்ந்து மகரந்தம் உண்ணும் மெல்லிய உடலுள்ள ஒரு பிரிவு நிறைந்திருக்கிறது. லெப்டுரா பிரிவு என்பர். ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் மிகுந்துள்ள பிரிவு அது. இமயம் முழுவதும் பரந்துள்ள இப்பிரிவினர் தென்னிந்தியாவில் மிகச் சிலரே. குளிர்நாட்டு உறவு இமயத்தோடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது.

சிக்கிமும், காசி மலைகளும், நாகர் மலைகளும், அருணாசலமும் சேர்ந்த வடகிழக்கே இந்தியாவின் நெடுங்கொம்பு வண்டுகளுக்குத் தலைநகர் எனலாம். அங்கே இமயமும் பர்மாவும் சீனமும் கைகோக்கின்றன. அடிவாரத்தில் வெப்பக் காடு. நடுவில் ஓக்குக் காடு. மேலே ஊசியிலைக் காடு. இவையெல்லாம் ஒரு நாள் நடைத் தூரத்தில் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. மர வகைகள் பெருகியபடியே வண்டு வகைகளும் பெருகியிருக்கின்றன. பட்டுப்போல் மினுக்குவன, பச்சைப் பொன்போல் ஒளிர்வன, குளவி போல் வேடம் பூண்டவை என்று அவற்றின் கோலங்கள் பலவாகும்.

இமய அடிவாரத்திலிருந்து மத்திய இந்தியா வரையில் சால மரத்தின் நாடு. சால மரத்துக்கென்றே பெயர் பெற்ற வைரத்துளைப்பானைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்குத் தெற்கே தக்காணத்தின் வறண்ட நிலம். அங்கே கருவேல மரத்தின் அடியையும் வேரையும் துளைக்கும் இனம் ஒன்று. திராட்சைக் கொடியை இரவில் வளையமாக அரித்து, அதற்கு மேற்பட்ட பாகத்தை வாடச் செய்து, வாடிய பாகத்தில் முட்டையிடும் இனம் ஒன்று. தன் குஞ்சுக்கு உலர்ந்த மரம் வேண்டுமென்று தானே உலர்த்திக்கொள்ளும் அந்தச் சாமர்த்தியம் வியக்கத்தக்கது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் காணப்படும் அகாந்தோபோரஸ் செர்ராடிகார்னிஸ் என்னும் கருங்கபில நிறப் பெருவண்டு, நம் நாட்டின் மிகப் பெரிய வண்டுகளுள் ஒன்று.

மேற்குத் தொடர்ச்சி மலையில் கதை மாறுகிறது. அரபிக் கடலின் மழையை வாங்கி நிற்கும் ஈரக்காடு அது. கிழக்கே இறங்கினால் சில கல் தொலைவிலேயே உடைமுள்ளும் வேலமும் வந்துவிடும். ஈரக்காட்டு மரத்தை நம்பிய வண்டுக்கு அந்தச் சமவெளி ஒரு கடலுக்குச் சமம். இலங்கையின் தென்மேற்கிலும் இத்தகைய ஈரக்காடே உள்ளது. கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனியுகங்களில் இரு நிலங்களும் தரைவழியே இணைந்திருந்தன. எனினும் இரு காடுகளின் உயிர்களும் தாராளமாகக் கலந்துவிடவில்லை. தவளை, நண்டு, மீன், பாம்பு ஆகியவற்றைக் கொண்டு 2004ஆம் ஆண்டில் வெளியான புகழ்பெற்ற ஆராய்ச்சி ஒன்று, இரு பக்கத்திலும் தனித்தனி வம்சங்கள் நெடுங்காலமாக வேரூன்றியிருப்பதைக் காட்டியது. தரை இணைந்தாலும் இடையிலிருந்த வறண்ட நிலம் ஈரக்காட்டு உயிர்களைத் தடுத்தது என்பது அதற்குக் கூறப்படும் விளக்கம். மரத்தோடு கட்டுண்ட வண்டுக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

கடைசியாக வங்கக் கடலின் தீவுகள். அந்தமானுக்கும் நிகோபாருக்கும் இடையே பத்துப் பாகைக் கால்வாய் என்னும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலமுள்ள ஆழ்கடல் கிடக்கிறது. அரசியல் வரைபடத்தில் இரண்டும் ஒரே ஆட்சிப் பகுதி; உயிரினங்களின் வரைபடத்தில் அந்தமான் பர்மாவை நோக்குகிறது, நிகோபார் சுமத்திராவை நோக்குகிறது. இரண்டிலும் தம் தீவுக்கே உரிய வண்டுகள் உண்டு. அவற்றுள் பலவற்றின் லத்தீன் பெயரிலேயே அந்தமான் என்னும் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நேயர்களே, இத்தனையும் சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஓர் இனம் ஓரிடத்தில் மட்டுமே உள்ளது என்று நூல் கூறும்போது, அது இரண்டு பொருள் தரும். வேறிடங்களில் தேடி, அங்கே இல்லை என்று கண்டது ஒன்று. வேறிடங்களில் எவரும் தேடவே இல்லை என்பது மற்றொன்று. வெளித்தோற்றத்தில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. நம்முடைய பட்டியல்கள் எப்படி உண்டாயின என்பதை அறிந்தால் இந்த எச்சரிக்கையின் தேவை புலப்படும்.

1855ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கிலேய இயற்கை ஆராய்ச்சியாளர் போர்னியோத் தீவில், சிமுஞ்சான் என்னுமிடத்தில் தங்கினார். அங்கே நிலக்கரிச் சுரங்கம் தோண்டுவதற்காகக் காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டுண்ட மரங்களின் மணத்துக்கு வண்டுகள் திரண்டு வந்தன. தொழிலாளிகளிடம் ஒரு பூச்சிக்கு ஒரு சென்ட் வீதம் விலை கொடுத்து வாலஸ் அவற்றை வாங்கினார். ஒரு சதுர மைலுக்கு அதிகம் மிகாத அந்த நிலத்திலேயே ஏறத்தாழ 2,000 வண்டினங்கள் கிடைத்தன. அவற்றுள் நெடுங்கொம்பு வண்டுகள் மட்டும் சுமார் 300. அவற்றிலும் பத்தில் ஒன்பது பங்கு விஞ்ஞானம் அதுவரை அறியாதவை. அவ்விடத்தில் மரம் வெட்டாதிருந்தால் அவ்வண்டுகளை அவர் கண்டிருக்கவே மாட்டார். ஆனால் அவ்வண்டுகள் அங்கே இருந்திருக்கும்.

நம் நாட்டில் இதற்கான அடிப்படை நூலை எழுதியவர் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த சார்லஸ் கஹான். பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள் என்னும் நூல்வரிசையில் அவருடைய தொகுதி 1906ஆம் ஆண்டில் வெளிவந்தது. குடும்பத்தின் சில பிரிவுகளை அது நன்கு விளக்கியது. ஆனால் இனங்களின் எண்ணிக்கையில் எல்லாவற்றிலும் பெரிதான லாமியாப் பிரிவுக்குரிய தொகுதி, அந்த வரிசையில் வெளிவரவே இல்லை. பின்னர், பாரிஸ் நகரில் பணியாற்றிய ஸ்டீபன் புரூனிங் என்பவர் அப்பிரிவில் உலகெங்கிலுமிருந்து பல்லாயிரம் இனங்களுக்குப் பெயரிட்டார். அவற்றில் பல, பெட்டியில் வந்து சேர்ந்த ஓரிரண்டு மாதிரிகளைக் கொண்டே எழுதப்பட்டவை. மாதிரி கிடைத்த இடமோ, பெரும்பாலும் சாலையும் தங்கும் விடுதியும் இருந்த இடம். டார்ஜிலிங், ஷில்லாங், நீலகிரி என்று நூல்களில் திரும்பத் திரும்ப வரும் ஊர்களை நோக்கினால், வண்டுகளின் வழியை மட்டுமன்றி, வண்டு பிடித்தவர்களின் வழியையும் நாம் காண்கிறோம். நூறாண்டுக்கு முன் ஒரே முறை பிடிபட்டு, பின்னர் கண்டோர் இல்லாத இனங்கள் பல இன்றும் பட்டியலில் வரிசை பிடித்து நிற்கின்றன. அவை அரியனவா, அழிந்தனவா, தேடப்படாதனவா என்பதைத் தேடினாலன்றி எவரும் சொல்ல இயலாது.

இனி, சால மரத்தின் வைரத்துளைப்பானுக்கு வருவோம். இதன் விஞ்ஞானப் பெயர் ஹாப்லோசெராம்பிக்ஸ் ஸ்பைனிகார்னிஸ். பருவமழை தொடங்கியதும் வண்டுகள் மரத்தை விட்டு வெளிவருகின்றன. காற்றில் விழுந்தவையும், வெட்டிப் போட்டவையும், நலிந்தவையுமான மரங்களே அவற்றின் வழக்கமான உணவு. நல்ல மரத்தில் புகும் இளம்புழுவை மரம் தன் குங்கிலியப் பிசினிலேயே மூழ்கடித்துவிடும். ஆனால் விழுந்த மரங்களை அகற்றாமல் விட்டு, வண்டுகள் அளவு கடந்து பெருகிவிட்டால், ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கான புழுக்கள் புகுந்து அதைச் சாய்த்துவிடும். 1920களில் மத்திய மாகாணத்திலும், மறுபடியும் 1990களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தின் மண்டலாப் பகுதியிலும் இக்கொள்ளை மூண்டது. இரண்டாம் முறை லட்சக்கணக்கான மரங்கள் பலியாயின. புதிதாக வெட்டிய சால மரத்தின் பட்டையை நசுக்கிச் சாறு கசியும்படி காட்டில் கிடத்துவார்கள். சாற்றின் மணத்துக்கு வண்டுகள் வந்து மொய்க்கும். அவற்றைக் கையால் பிடித்துக் கொல்வார்கள். பொறிமரம் என்பது இம்முறையின் பெயர். காட்டு மக்களுக்கு வண்டின் தலைக்கு இவ்வளவு என்று கூலி வழங்கப்பட்டது. சிமுஞ்சானில் வாலஸ் கொடுத்த சென்டும், மண்டலாவில் அரசு கொடுத்த காசும் ஒரே குடும்பத்து வண்டுகளுக்கே சென்றன. முன்னது அறிவதற்காக, பின்னது அழிப்பதற்காக. இரண்டும் அந்தந்த இடத்தில் வேண்டியவையே.

ஆனால் இக்கொள்ளையிலிருந்து நாம் கற்ற பாடத்தை எல்லாக் காட்டுக்கும் நீட்டிவிடக் கூடாது. ஒரே மரம் நிறைந்த சாலக் காட்டில், கொள்ளை மூண்ட காலத்தில், பட்ட மரத்தை அகற்றுவது கடமை. அதைப் பார்த்து, பல மரம் கலந்த சோலைக் காட்டிலும் விழுந்த மரத்தையெல்லாம் குப்பை என்று கூட்டித் தள்ளுவது வேறு செயல். அங்கே விழுந்த மரம் குப்பையன்று. அது நூற்றுக்கணக்கான உயிர்களுக்கு வீடு. உண்டதை மண்ணாக்கி, மண்ணைக் காட்டுக்குத் திருப்பித் தரும் வேலையை அவை செய்கின்றன. புல்வெளியையும் சோலையையும் அழித்து யூகலிப்டஸும் வாட்டிலும் நட்டபோது, நாம் மாற்றியது மரத்தை மட்டுமன்று. அந்தச் சோலை மரத்தையே நாடாகக் கொண்ட வண்டுக்கு நாடு போயிற்று. இடம் பெயர்ந்து செல்ல அதற்கு வேறு மலை இல்லை.

மரம் மாறினால் வண்டெல்லாம் மறைந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். சில வண்டுகள் புதிய மரத்துக்கு மாறிவிடும். காப்பி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடி. அதைத் துளைக்கும் வெள்ளைத் தண்டுத்துளைப்பானோ ஆசியாவைச் சேர்ந்தது. குடகிலும் சிக்கமகளூரிலும் சேர்வராயன் மலையிலும் அராபிகாக் காப்பிக்கு இதைவிடப் பெரிய பகை இல்லை. வெயிலை விரும்பும் வண்டு அது. ஆகவே நிழல் மரங்களை வெட்டிய தோட்டத்தில் அது பெருகும், நிழலைக் காத்த தோட்டத்தில் குறையும். போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த முந்திரிக்கும் இவ்வாறே நம் நாட்டு நெடுங்கொம்பு வண்டு ஒன்று எமனாயிற்று. உணவில் இளக்கமுள்ள சிலர் புதிய மரத்தைப் பிடித்துக்கொண்டு பெருகுகிறார்கள். விடாப்பிடியான பலர் பழைய மரத்தோடு மறைகிறார்கள். மலைக்கு மலை வேறுபட்ட வண்டுகள் இருந்த இடத்தில், எங்கும் ஒரே சில வண்டுகள் என்னும் நிலை இவ்வாறே உண்டாகிறது.

மனிதனுடைய சரக்கு இதைத் துரிதப்படுத்துகிறது. நம் மாமரத் துளைப்பான் மேற்காசியாவுக்குச் சென்று அங்கே அத்திமரங்களை அழிக்கிறது. சீனத்துக்கும் கொரியாவுக்கும் உரிய கருநிற வெண்புள்ளி வண்டு ஒன்று, சரக்குப் பெட்டிகளின் மரச்சட்டத்துக்குள் இருந்து சென்று, 1996ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மேப்பிள் மரங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஒழிக்க ஆயிரக்கணக்கான நிழல் மரங்களை வெட்ட நேர்ந்தது. 2002ஆம் ஆண்டில் சர்வதேச விதி ஒன்று ஏற்பட்டது. அதன்படி, கடல் கடந்து செல்லும் மரப்பெட்டியின் உட்பாகம் வரையில் 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வாட்டப்பட வேண்டும். அல்லது புகைமருந்து இடப்பட வேண்டும். துறைமுகங்களில் மரப்பெட்டிகளின்மேல் கோதுமைக் கதிர் வடிவில் ஒரு முத்திரை சூடிட்டிருப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். அது இவ்விதியின் அடையாளம். ஒரு நாட்டில் அடக்கமாக வாழும் வண்டு மற்றொரு நாட்டில் கொள்ளைக்காரனாகலாம். ஓரிடத்துக்கு உரியதை அவ்விடத்திலேயே இருக்கவிடுவது அவ்விடத்துக்கும் நலம், பிறவிடத்துக்கும் நலம்.

நாம் செய்யக்கூடியது என்ன? மூன்று காரியங்களைச் சொல்வேன். முதலாவது, பாதுகாக்கப்பட்ட காடுகளில், நோய்க்கொள்ளை இல்லாத இடத்தில், முதிர்ந்த மரத்தையும் விழுந்த மரத்தையும் கிடந்த இடத்திலேயே விட்டுவைத்தல். இதற்குப் பொருட்செலவு இல்லை, பொறுமையே வேண்டும். இரண்டாவது, தேடுதல். மலைப்பகுதிகளிலுள்ள கல்லூரிகள், தத்தம் காட்டில் எந்த மரத்தில் எந்த வண்டு வெளிவருகிறது என்று ஆண்டுதோறும் குறித்துவந்தால் போதும். மரத்தின் பெயர், இடம், நாள், உயரம் என்னும் நான்கையும் எழுதாத மாதிரி வெறும் அழகுப் பொருள். எழுதிய மாதிரி ஒரு சான்று. வன அதிகாரியின் அனுமதியோடு, வேண்டிய அளவே பிடித்து, பூச்சியியல் அறிந்தவரிடம் காட்டிப் பெயர் அறிதல் வேண்டும். மூன்றாவது, காட்டில் வாழ்வோரைக் கேட்டல். எந்த மரம் எப்போது பட்டுப்போகிறது, எந்தப் புழு எந்தக் கட்டையில் இருக்கிறது என்பது, விறகு பொறுக்குபவருக்கும் தேன் எடுப்பவருக்கும் தெரிந்த அளவுக்கு நூல்களுக்குத் தெரியாது. அவர்கள் வழங்கும் பெயர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழில் இக்குடும்பத்துக்குப் பெயர் தேடி அகராதியைப் புரட்டுவதைக் காட்டிலும், ஆனைமலையிலும் பழனிமலையிலும் உள்ளவர்களைக் கேட்பது சிறந்த வழி.

யானைக்கும் புலிக்கும் நாம் சரணாலயம் வகுத்தோம். அதனால் அக்காட்டிலுள்ள வண்டும் நிழல் பெற்றது. ஆயினும் ஒரு சிறு பள்ளத்தாக்கில், ஒரு வகை மரத்தில் மட்டும் வாழும் வண்டுக்கு, அந்தப் பள்ளத்தாக்கே உலகம். அதன்மேல் அணை எழுமோ, பாதை விழுமோ, தோட்டம் வருமோ என்று முடிவு செய்யும் அறிக்கைகளில், இங்கே இன்ன இனங்கள் உள்ளன என்று ஒரு பட்டியல் சேர்க்கப்படுகிறது. பட்டியலில் இல்லாத உயிருக்கு வாதாட ஆள் இல்லை. அப்பட்டியலை நிரப்புவது, நூறாண்டுக்கு முன் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் செய்ய வேண்டியிருந்தது. இன்று அது நம் கையில், நம் மலைகளின் அடிவாரத்திலேயே செய்யக்கூடியதாக இருக்கிறது. வரும் பருவமழையின் முதல் இரவுகளில் விளக்கைத் தேடி வரும் வண்டுகளுள் நீண்ட கொம்புடையது ஒன்று இருந்தால், விரட்டுமுன் ஒரு கணம் அதைப் பாருங்கள். அருகில் எந்த மரம் பட்டு நிற்கிறது என்றும் பாருங்கள். அம்மரத்தின் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி வையுங்கள்.